முதலாளி ஊரில் இல்லாதபோது பிறந்த வாத்தியம்

மினிமோக் என்று ஒரு வாத்தியம்.

பார்ப்பதற்குச் சிறிய ஆர்மோனியம் போல இருக்கும். 44 கட்டைகள். கட்டைகளுக்குப் பின்னால் ஒரு பலகை சாய்வாக நிற்கும். பலகை முழுவதும் பழைய ரேடியோவில் இருப்பது போன்ற குமிழ்கள். இதற்குத் துருத்தி கிடையாது. தந்தி கிடையாது. தோல் கிடையாது. மின்சாரத்தில் பாடும்.

இது 1970-ல் அமெரிக்காவில் பிறந்தது. மின்சாரத்தால் ஒலி உண்டாக்கும் கருவிக்கு ‘சிந்தசைசர்’ என்று பெயர். அதற்கு முன்பு சிந்தசைசர் என்றால் ஒரு அறையின் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும். மினிமோக்கை ஒரே ஆள் தூக்கிக்கொண்டு போகலாம். மேடையில் வைத்து உடனே வாசிக்கலாம். சாதாரண இசைக் கடைகளில் விற்பனைக்கு வந்த முதல் சிந்தசைசரும் இதுதான். இன்று கல்யாண வீட்டு மெல்லிசைக் கச்சேரிகளில் ‘கீபோர்டு’ வாசிக்கிறார்களே, அதற்கு இது தாத்தா முறை.

இந்த வாத்தியத்தைச் செய்யும்படி முதலாளி உத்தரவு போடவில்லை. முதலில் இதைப் பார்த்தபோது, ‘வேடிக்கையாக இருக்கிறது’ என்று நினைத்தார். அவ்வளவுதான். இதை யார் வாங்குவார்கள் என்பது அவருக்குத் தெரியவில்லை. பிறகு அவர் வெளியூர் போயிருந்த சமயத்தில், கம்பெனி என்ஜினீயர்கள் தாங்களாகவே இதைச் செய்து முடித்தார்கள்.

ஏன் செய்தார்கள்? வேலை போய்விடுமோ என்ற பயம்தான்!

கையால் தொடாமல் வாசிப்பது

அந்த முதலாளியின் பெயர் ராபர்ட் மோக். ஆங்கில எழுத்துக்களைப் பார்த்துப் படிப்பவர்கள் ‘மூக்’ என்று வாசிப்பார்கள். அந்தக் குடும்பத்தார் சொல்லுவது ‘மோக்’. நாமும் அப்படியே சொல்லுவோம். இல்லாவிட்டால் தமிழில் அது மூக்கு ஆகிவிடும்.

மோக் 1934-ல் நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தை மின்சாரக் கம்பெனியில் என்ஜினீயர். தாய் பியானோ கற்பிப்பவர். மகன் பெரிய பியானோ வித்துவான் ஆகவேண்டும் என்பது தாயின் ஆசை. மகனுக்கோ தந்தையின் பட்டறையில்தான் மனம். வீட்டின் கீழ்த்தளத்தில் தந்தையும் மகனும் உட்கார்ந்து, வயரும் வால்வும் வைத்துக்கொண்டு ஏதாவது செய்துகொண்டே இருப்பார்கள்.

அந்தக் காலத்தில் ‘தெரமின்’ என்று ஒரு விந்தையான வாத்தியம் இருந்தது. ரஷ்ய விஞ்ஞானி லியோன் தெரமின் கண்டுபிடித்தது. ஒரு பெட்டி, அதில் இரண்டு கம்பிகள். பெட்டியைத் தொடவே வேண்டாம். ஒரு கம்பிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் சுருதி ஏறும். மற்றக் கம்பிக்குப் பக்கத்தில் கையை அசைத்தால் சத்தம் கூடும், குறையும். காற்றில் கையை வீசிப் பாட்டு எழுப்பும் வித்தை!

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே மோக் இந்தத் தெரமினைச் செய்துவிட்டார். 1954-ல் தந்தையும் மகனும் சேர்ந்து தெரமின் செய்து விற்கும் கம்பெனி ஒன்றை ஆரம்பித்தார்கள். 1961-ல், ‘நீங்களே வீட்டில் பூட்டிக்கொள்ளலாம்’ என்று தெரமினின் உதிரிச் சாமான்களைப் பெட்டியில் போட்டு விற்றார் மோக். ஒரு பெட்டி சுமார் 50 டாலர். ஆயிரம் பெட்டி வரையில் விற்றன. கல்லூரியில் மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்த பையனுக்கு அது பெரிய வருமானம். அந்தப் பணம்தான் பின்னால் பெரிய வேலைகளில் இறங்க அவருக்குத் தைரியம் கொடுத்தது.

1963-ல் நியூயார்க் மாநிலத்தில் உள்ள டிரூமன்ஸ்பர்க் என்ற சிற்றூருக்குக் கம்பெனி வந்து சேர்ந்தது. பக்கத்தில் ஏரி. சுற்றிலும் வயல்கள். பெரிய தொழில் நடக்கும் ஊர் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

வாசல் மணிப் பொத்தான்

அதே 1963-ல் மோக் ஒரு இசை ஆசிரியரைச் சந்தித்தார். அவர் பெயர் ஹெர்பர்ட் டாய்ச். ‘புதுமாதிரி ஒலிகள் வேண்டும். என்னிடம் உள்ள வாத்தியங்களில் அவை வரவில்லை’ என்றார் டாய்ச். அடுத்த ஆண்டு கோடையில் டிரூமன்ஸ்பர்க்குக்கு வந்தார். இருவரும் சேர்ந்து வேலையில் இறங்கினார்கள்.

மின்சாரத்தில் ஒலி எழுப்புவது பெரிய காரியம் அல்ல. ரேடியோ கெட்டுப்போனால் ‘கூ’ என்று ஊளையிடுகிறதே, அதுவும் மின்சார ஒலிதான். அந்த ஊளையை நாம் சொன்னபடி கேட்கவைக்கவேண்டும். அதுதான் கஷ்டம்.

மோக் கண்ட வழி இது. ஒலியை உண்டாக்கும் சுற்றுக்கு ஒரு வோல்ட் மின்சாரம் கூடுதலாகக் கொடுத்தால், ஒலி சரியாக ஒரு ஸ்தாயி மேலே ஏறும். கீழ் ஸட்ஜம் மேல் ஸட்ஜம் ஆகும். இன்னொரு வோல்ட் கொடுத்தால் இன்னொரு ஸ்தாயி. அதாவது, சுருதியைக் கையால் திருகவேண்டிய அவசியம் இல்லை. மின்சாரமே மின்சாரத்துக்கு உத்தரவு போடும். ஒவ்வொரு கட்டையை அழுத்தும்போதும் அதற்கு உரிய அளவு வோல்ட் போனால், அதற்கு உரிய ஸ்வரம் பேசும்.

இதில் ஒரு குறை இருந்தது. வீணையை மீட்டினால் ஒலி சட்டென்று எழும்பி, மெல்ல மெல்ல அடங்கும். புல்லாங்குழலில் ஒலி மெதுவாக எழும்பி, மூச்சு உள்ளவரை நிற்கும். மோக்கின் பெட்டியிலோ ஒலி திடீரென்று வரும். திடீரென்று நிற்கும். உயிர் இல்லை.

டாய்ச் இதைச் சொன்னார். மோக் யோசித்தார். ‘கடைக்குப் போய் வாசல் மணிக்கு வைக்கிற பொத்தான் ஒன்று வாங்கி வாருங்கள்’ என்றார்! டாய்ச் வாங்கி வந்தார். அந்தப் பொத்தானை வைத்து, ஒலி எவ்வளவு வேகத்தில் எழவேண்டும், எவ்வளவு நேரத்தில் அடங்கவேண்டும் என்று கட்டுப்படுத்தும் ஒரு சுற்றை மோக் பூட்டினார். இன்று உலகத்தில் உள்ள எல்லாச் சிந்தசைசர்களிலும் அந்த ஏற்பாடு உண்டு. அதற்குப் பிள்ளையார் சுழி போட்டது ஒரு வாசல் மணிப் பொத்தான்.

1964 அக்டோபரில் நியூயார்க்கில் ஒலித்துறை என்ஜினீயர்களின் மாநாடு நடந்தது. மோக் தம்முடைய கருவியை அங்கே காட்டினார். வாங்க ஆள் வந்துவிட்டது.

பாக் பாட்டுக்குப் பத்து லட்சம் பேர்

அப்போது விற்ற மோக் சிந்தசைசர் மிகப் பெரியது. அலமாரி போன்ற மரப்பெட்டிகள். பெட்டி பெட்டியாக அடுக்கி வைக்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. ஒன்று ஒலியைப் பிறப்பிக்கும். ஒன்று ஒலியை வடிகட்டும். ஒன்று சத்தத்தைக் கூட்டும், குறைக்கும். இவற்றை வயர்களால் ஒன்றோடொன்று இணைக்கவேண்டும். பழைய டெலிபோன் நிலையத்தில் பெண்கள் வயர்களை மாற்றி மாற்றிச் செருகுவார்களே, அந்த மாதிரி. ஒரு ஒலியிலிருந்து இன்னொரு ஒலிக்குப் போவதற்கு வயர்களைப் பிடுங்கி, வேறு இடத்தில் செருகவேண்டும். சபையில் உட்கார்ந்திருப்பவர்கள் அதுவரை காத்திருப்பார்களா?

விலையோ பல ஆயிரம் டாலர். பல்கலைக்கழகங்கள், ஒலிப்பதிவு நிலையங்கள், பணக்காரப் பாடகர்கள் இவர்கள்தான் வாங்க முடியும்.

நம் நாட்டுக்கும் ஒன்று வந்தது. 1969-ல் அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்புக் கழகத்தில் மோக் சிந்தசைசர் நிறுவப்பட்டது. அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டூடர் வந்து அதை அமைத்துக் கொடுத்தார். நம்மவர்கள் சிலர் அதில் இசை அமைத்து நாடாவில் பதிவு செய்து வைத்தார்கள். நம்மில் பெரும்பாலோருக்கு ‘ஸ்டீரியோ’ என்ற வார்த்தைகூடத் தெரியாத காலம் அது!

1968-ல் வெண்டி கார்லஸ் என்ற கலைஞர் ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். ஜெர்மன் மேதை பாக் இயற்றிய இசையை முழுக்க முழுக்க மோக் சிந்தசைசரிலேயே வாசித்திருந்தார். அந்தக் கருவியில் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் பேசும். ஆகவே ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியாக வாசித்து, நாடாவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்தார். மாதக்கணக்கில் பிடித்தது. பலன்? பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. ‘கிராமி’ பரிசுகள் மூன்று கிடைத்தன.

உடனே ஒவ்வொரு இசைத்தட்டுக் கம்பெனியும் மோக் சிந்தசைசர் கேட்டது. டிரூமன்ஸ்பர்க்கில் இரவு பகலாக வேலை. எல்லோரும் கார்லஸ் போல இசைத்தட்டு போட நினைத்தார்கள். ஆனால் கருவியை வாங்கலாம், கார்லசின் பொறுமையை எங்கே போய் வாங்குவது? போட்ட தட்டுகள் பலவும் விற்கவில்லை. வாங்கியவர்கள் ஓய்ந்தார்கள். புதிதாக யாரும் வரவில்லை. 1970 வந்தபோது கம்பெனியில் கடன்தான் மிஞ்சியது.

மத்தியானச் சாப்பாட்டு நேரம்

கம்பெனியில் பில் ஹெம்சத் என்று ஒரு என்ஜினீயர் இருந்தார்.

பெரிய பெட்டியில் எத்தனையோ விதமாக வயர் செருகலாம். ஆனால் வாத்தியக்காரர்கள் அநேகமாகச் செருகுவது ஒரே வரிசைதான். ஒலி பிறக்கவேண்டும். அது வடிகட்டிக்குப் போகவேண்டும். அங்கேயிருந்து சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் இடத்துக்குப் போகவேண்டும். இதற்கு எதற்கு வயர்? உள்ளேயே நிரந்தரமாகப் பற்றவைத்துவிட்டால் என்ன?

ஹெம்சத் வேலை நேரத்தில் இதைச் செய்யவில்லை. மற்றவர்கள் மத்தியானம் சாப்பிடப் போகும் நேரத்தில் செய்தார். சாமான்களைப் புதிதாக வாங்கவும் இல்லை. கம்பெனியில் வேண்டாம் என்று ஒதுக்கிப்போட்ட உதிரிகள் இருந்தன. அவற்றைப் பொறுக்கினார். கட்டைப் பலகை ஒன்றை எடுத்தார். பெட்டிக்கு அது நீளமாக இருந்தது. ரம்பத்தை எடுத்து அறுத்துவிட்டார்! எல்லாவற்றையும் ஒரு சிறு பெட்டியில் அடைத்து, ‘மின்’ என்று பெயர் வைத்தார்.

இதுதான் மாடல் ஏ. மினிமோக்கின் முதல் பிறவி.

மோக் அதைப் பார்த்தார். வேடிக்கையான சாமான் என்றார். விற்பனைக்கு இது ஆகும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவரைக் குறை சொல்லுவதற்கும் இல்லை. ஒலிக்கு ஒலி வயர் மாற்றி, எண்ணற்ற விதமான ஒலிகளை உண்டாக்கலாம் என்பதுதான் அவர் கண்டுபிடிப்பின் பெருமை. அந்த வயர்களையே பிடுங்கிவிட்டு, ‘இதுதான் வாத்தியம்’ என்று ஒருவர் நீட்டினால் யாருக்குத்தான் சட்டென்று மனம் வரும்?

ஆனாலும் வேலை அடியோடு நிற்கவில்லை. மாடல் பி, மாடல் சி என்று சில மாதிரிகள் செய்து பார்த்தார்கள். சூட்கேஸ் போலத் தூக்கிச் செல்லும்படி ஒன்றைச் செய்தார்கள். சன் ரா என்ற ஜாஸ் இசைக்கலைஞர் ஒரு மாதிரியை வாங்கிக்கொண்டு போய்க் கச்சேரிகளில் வாசித்தார்.

சோதனை செய்யவும் ஒருவர் கிடைத்தார். பக்கத்து ஊரான இதாக்காவில் வசித்த இசையமைப்பாளர் டேவிட் போர்டன். அவருக்கு மின்சாரம் பற்றி ஒன்றும் தெரியாது. மோக் அவருக்குத் தாராளமாக இடம் கொடுத்தார். ‘எப்போது வேண்டுமானாலும் வந்து வாசியுங்கள்’ என்றார். போர்டன் ராத்திரியில் வருவார். வயரைக் கண்ட இடத்தில் செருகுவார். ஏதாவது எரிந்துபோகும். பயந்துகொண்டே போய்ச் சொல்லுவார். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அவருக்கு ஒரே ஆச்சரியம். பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஒன்றும் தெரியாதவர் எப்படியெல்லாம் தப்பாகச் செருகுவார் என்று பார்த்து, அதற்கு ஏற்றபடி என்ஜினீயர்கள் கருவியைத் திருத்திக்கொண்டே வந்தார்களாம்! இதைப் போர்டனே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

முதலாளி திரும்பினார்

கம்பெனியின் நிலை நாளுக்கு நாள் மோசமாயிற்று. பெரிய பெட்டிகளுக்கு ஆர்டர் இல்லை. கம்பெனியை மூடிவிட்டால் இத்தனை பேருடைய குடும்பம் என்ன ஆவது? அந்தச் சின்ன ஊரில் வேறு வேலை எங்கே தேடுவது?

என்ஜினீயர்கள் கூடிப் பேசினார்கள். சின்னப் பெட்டி ஒன்றுதான் வழி என்று முடிவு கட்டினார்கள். ஜிம் ஸ்காட் முதலியவர்கள் ஹெம்சத்துடன் சேர்ந்துகொண்டார்கள். மோக் வெளியூர் போயிருந்தார். அவர் வருவதற்குள், விற்பனைக்கு ஏற்ற வடிவத்தில் ஒன்றைச் செய்துவிட்டார்கள். அதுதான் மாடல் டி.

மோக் திரும்பி வந்தார். தமக்குத் தெரியாமல் நடந்ததைப் பார்த்து அவர்களைக் கடிந்துகொண்டார். பிறகு வாத்தியத்தைப் பார்த்தார். அதன் அருமை அவருக்கும் புரிந்தது. ‘சரி, செய்யுங்கள்’ என்றார்.

அவசரத்தில் செய்தது ஆதலால் மாடல் டி-யில் குறை இருந்தது. அதற்குள் ஒலி பிறப்பிக்கும் சுற்றுகள் மூன்று உண்டு. மூன்றும் ஒரே சுருதியில் அசையாமல் நிற்கவேண்டும். அப்படி நிற்கவில்லை. மின்சார ஓட்டத்தை முழுக்க நிலைப்படுத்த என்ஜினீயர்களால் முடியவில்லை. மயிரிழை அளவு ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டே இருந்தது.

கேட்டவர்களோ, ‘ஆகா, என்ன கனமான நாதம்!’ என்றார்கள்.

இது நமக்குப் புதிது அல்ல. கோவில் திருவிழாவில் இரண்டு நாகஸ்வரம் சேர்ந்து ஊதுவதைக் கேட்டிருப்பீர்கள். இரண்டும் ஒரே ஸ்வரம்தான். ஆனாலும் ஒன்றுக்கொன்று எள்ளளவு வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசத்தால்தான் நாதம் ஊரை நிறைக்கிறது. இயந்திரம் போல அச்சாக ஒன்றாக இருந்தால் ஒரு நாகஸ்வரமாகவே காதில் விழும். மினிமோக்கிலும் அப்படித்தான். என்ஜினீயர்கள் குறை என்று வருந்தியது வாத்தியக்காரர்களுக்கு ருசியாகிவிட்டது.

இடது கைப் பக்கம் ஒரு சக்கரம்

மினிமோக்கில் இன்னும் ஒரு விசேஷம் உண்டு. எனக்கு எல்லாவற்றிலும் பெரியதாகத் தோன்றுவது இதுதான்.

கட்டைகளின் இடது பக்கத்தில் இரண்டு சிறு சக்கரங்கள் உண்டு. பாதிச் சக்கரம்தான் வெளியே தெரியும். அதில் ஒன்றை விரலால் மெல்ல உருட்டினால், பேசிக்கொண்டிருக்கும் ஸ்வரம் வளைந்து மேலே ஏறும். அல்லது கீழே இறங்கும். கையை எடுக்காமல் அசைத்தால் ஸ்வரம் ஆடும்.

ஆர்மோனியத்தில் இது வருமா? வராது. ‘ரி’ கட்டை என்றால் ‘ரி’தான். ‘க’ கட்டை என்றால் ‘க’தான். இரண்டுக்கும் நடுவே உள்ள வழியில் அது போகாது. நம் சங்கீதத்துக்கோ அந்த நடுவழிதான் உயிர். அதைத்தான் கமகம் என்கிறோம். வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் கொண்டுவருகிறார்கள். ஆர்மோனியத்தில் கமகம் வராது என்பதும், 1940-ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டதற்கு ஒரு காரணம்.

கட்டை வைத்த வாத்தியத்துக்கு அந்த நடுவழியைத் திறந்துவிட்டது மினிமோக்கின் சக்கரம். நம் சங்கீதத்தை நினைத்து அவர்கள் இதைச் செய்யவில்லை. கிதார் வாசிப்பவர்கள் தந்தியை இழுத்து வளைப்பதைப் போலக் கட்டை வாசிப்பவர்களும் செய்ய வழி பிறந்தது. சக்கரத்தைச் செய்தவர்கள் ஹெம்சத்தும், டான் பாக்கலா என்பவரும். இன்று உலகம் முழுவதும் கீபோர்டுகளில் அந்தச் சக்கரமோ, அதற்குப் பதிலாக ஒரு சிறு நெம்புகோலோ இருக்கிறது. நம் ஊர் வாத்தியக்காரர்கள் கீபோர்டில் ராகம் வாசிக்கும்போது இடது கை எங்கே இருக்கிறது என்று கவனித்துப் பாருங்கள்.

இந்தச் சக்கரத்துக்குக் கம்பெனி உரிமைப் பட்டயம் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் கடன் எல்லாம் தீர்ந்திருக்கும்!

மேற்கத்தி நாட்டில் ஜான் ஹாமர் என்பவர் இந்தச் சக்கரத்தில் கைதேர்ந்தவர். ஜான் மக்லாக்லின் என்ற கிதார் வித்துவானின் ‘மகாவிஷ்ணு’ குழுவில், 1971 முதல் 1973 வரை இருந்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது கிதார், எது மினிமோக் என்று சொல்வது கஷ்டம். இந்த மக்லாக்லின்தான் பிறகு நம் வயலின் வித்துவான் எல்.சங்கர், கடம் விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் ‘சக்தி’ என்ற குழுவை ஆரம்பித்தவர்.

கடைக்காரர் வேண்டாம் என்றார்

வாத்தியம் தயார். விலை சுமார் 1,500 டாலர். பெரிய பெட்டியோடு பார்த்தால் மலிவு. ஆனால் விற்பது எப்படி?

இசைக் கடைக்காரர்கள் வேண்டாம் என்றார்கள். கடையில் கிதார் இருக்கிறது. பியானோ இருக்கிறது. இது என்ன, விமானத்தில் இருக்கும் கருவி மாதிரி இத்தனை குமிழ்? இதை யார் கேட்பார்கள்?

டேவிட் வான் கோவரிங் என்று ஒரு விற்பனையாளர் வந்தார். புளோரிடாவைச் சேர்ந்தவர். பேச்சில் கெட்டிக்காரர். அவர் வேறு வழி கண்டுபிடித்தார். கடைக்குப் போகாமல், முதலில் ராத்திரி நேரத்தில் ஓட்டல்களுக்கும் விடுதிகளுக்கும் போனார். அங்கே பாட்டுக் கச்சேரி செய்பவரிடம் மினிமோக்கைக் காட்டினார். வாசித்துப் பார்க்கச் சொன்னார். அவர் மயங்கிவிடுவார். ‘எனக்கு இது வேண்டும்’ என்பார். மறுநாள் அவரையே கடைக்கு அழைத்துக்கொண்டு போவார் வான் கோவரிங். ‘இதோ வாங்குகிறவர். நீங்கள் ஒன்று தருவித்துக் கொடுங்கள்’ என்பார். வாங்க வந்த ஆளையே நேரில் கண்ட பிறகு கடைக்காரர் மறுப்பாரா?

இப்படி ஊர் ஊராகப் போய் விற்றார். எந்தக் குமிழை எங்கே வைத்தால் எந்த ஒலி வரும் என்பதைப் படம் போட்டுக் காட்டும் தாள்களும் வாத்தியத்தோடு கிடைத்தன. படித்தவர், படிக்காதவர் யாரும் பார்த்துத் திருப்பிக்கொள்ளலாம்.

இங்கிலாந்தில் 1969-லேயே தூக்கிச் செல்லக்கூடிய சிந்தசைசர் ஒன்று வந்திருந்தது என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் அதில் கட்டைகள் இல்லை. கட்டைப் பலகையைத் தனியாக வாங்கி இணைக்கவேண்டும். கட்டையும் கருவியும் ஒன்றாக இருந்ததால் மினிமோக் வாத்தியக்காரர்களின் கைக்குப் பிடித்துவிட்டது.

கைக்குப் பிடிக்காதவர்களும் உண்டு. ஜாக் வைல்டு என்ற இளம் சினிமா நடிகர் ஒரு மினிமோக் வாங்கினார். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கட்டைகளை அழுத்தினால் ஒரு ஸ்வரம்தான் பேசியது. கெட்டுப்போன சாமான் என்று நினைத்துவிட்டார். பாதி விலைக்கு ரிக் வேக்மன் என்ற கலைஞரிடம் கொடுத்துவிட்டார். வேக்மனுக்கு ஒரே சந்தோஷம். வாத்தியத்தின் குணமே அது என்று அவருக்குத் தெரியும்! இந்தக் கதையைச் சொல்லுபவர் வேக்மனேதான். அவர் அதை வைத்துக்கொண்டு உலகம் சுற்றினார்.

கீத் எமர்சன், ஸ்டீவி வொண்டர், ஹெர்பி ஹான்காக் என்று பெரிய பெரிய கலைஞர்கள் எல்லாம் மினிமோக்கை வாசித்தார்கள். ஜெர்மனியில் ‘கிராஃப்ட்வெர்க்’ குழுவினர் 1974-ல் வெளியிட்ட ‘ஆட்டோபான்’ இசைத்தட்டில் மினிமோக் உண்டு. மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ பாட்டை யார்தான் கேட்டதில்லை? அதில் அடியில் உறுமும் ஒலி மினிமோக்தான்.

பெயரை இழந்தவர்

இவ்வளவு விற்றதே, மோக் கோடீஸ்வரர் ஆகியிருப்பாரே என்று கேட்பீர்கள். இல்லை.

மினிமோக் சந்தைக்கு வந்த நேரத்தில் கடன் கழுத்துக்கு வந்துவிட்டது. 1971-ல் பில் வேட்டேனா என்ற வியாபாரி கம்பெனியை எடுத்துக்கொண்டார். டிரூமன்ஸ்பர்க்கை விட்டு, பஃபலோ நகருக்கு அருகில் உள்ள வில்லியம்ஸ்வில்லுக்குக் கம்பெனி போனது. அங்கே அதற்குக் கிடைத்த இடம் பழைய ஜெலட்டின் தொழிற்சாலை. எந்த ஊரில் வேலை போகக்கூடாது என்று ரகசியமாகப் பாடுபட்டார்களோ, அந்த ஊரில் கம்பெனியே இல்லாமல் போயிற்று. வாத்தியம் பிழைத்தது.

1973-ல் கம்பெனி மறுபடியும் கை மாறியது. நார்லின் என்ற பெரிய நிறுவனம் வாங்கியது. மோக் அங்கே சம்பளக்காரராக இருந்தார். பெயர்ப்பலகையில் அவர் பெயர். வாத்தியத்தின் மேல் அவர் பெயர். ஆனால் சொன்னது நடக்கவில்லை. 1977-ல் வெளியேறினார்.

வெளியே வந்தவருக்கு ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. ‘மோக்’ என்ற பெயரை இனிமேல் அவர் தம் வியாபாரத்துக்கு வைத்துக்கொள்ளக்கூடாது! அது கம்பெனியோடு விற்கப்பட்ட சொத்து. தகப்பன் வைத்த குடும்பப் பெயர், கடையில் விற்ற சாமான் போல ஆகிவிட்டது.

1978-ல் வடக்குக் கரோலினா மாநிலத்தில் ‘பிக் பிரையர்’ என்ற பெயரில் புதிய கம்பெனி ஆரம்பித்தார். என்ன செய்து விற்றார் தெரியுமா? தெரமின்! பையனாக இருந்தபோது தந்தையோடு உட்கார்ந்து செய்த அதே காற்றில் வாசிக்கும் வாத்தியம்தான்.

மினிமோக்கைச் செய்வது 1981-ல் நின்றது. மொத்தம் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் செய்திருந்தார்கள். ஒரே நேரத்தில் பல ஸ்வரம் பேசும் புதிய கருவிகள் வந்துவிட்டன. பழைய மினிமோக்குகளை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார்கள். பிறகு சில ஆண்டுகளில் அந்தக் கனமான நாதம் புதிய கருவிகளில் வரவில்லை என்று தெரிந்தது. விற்றவர்களே தேடித் தேடி வாங்கினார்கள்.

மோக் தம்முடைய பெயருக்காக வழக்காடினார். 2002-ல்தான் அந்தப் பெயர் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 68. அதே ஆண்டில் ‘மினிமோக் வாயேஜர்’ என்ற புதிய வாத்தியத்தைத் தம் பெயரிலேயே வெளியிட்டார்.

மூன்று ஆண்டு கழித்து, 2005 ஆகஸ்டு 21-ந்தேதி, மூளையில் ஏற்பட்ட கட்டியால் ராபர்ட் மோக் காலமானார்.

2016-ல் அவருடைய கம்பெனி பழைய மாடல் டி-யை மறுபடியும் செய்து விற்றது. 44 கட்டைகள், சாய்ந்த பலகை, இடது பக்கம் இரண்டு சக்கரங்கள், எல்லாம் முன்பு இருந்தபடியே. விலை மட்டும் பழைய விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.